பதினெட்டு அட்டைகள்

பால்மாப் பெட்டிகளை வெட்டிச் செய்த பதினெட்டு அட்டைகளையும் மேசையில் பரப்பிவைத்து, சிப்பாய் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வாசலுக்குச் சற்று முன்னால் இருந்த சென்றி, இராணுவச் சோதனைச்சாவடி அது. சரோஜினிதேவி டீச்சருக்கு எப்போதுமே மூக்கின்மேல் கோபம். முதலாம் வகுப்பு டீச்சரின் பையில் சொல் அட்டை இல்லாமல் வேறென்ன இருக்கும்?

நான், நீ, வா, போ, எங்கே, இன்று. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற சின்னச் சொற்கள். எழுத்துக் கூட்டக்கூடாது, அட்டை திரும்பிய மாத்திரத்தில் சொல்லிவிடவேண்டும். மத்திய வங்கியில் குண்டு வெடித்து ஐந்து மாதமாகியிருந்தது; தமிழில் எழுதியதெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகியிருந்தது. கையால் தமிழில் எழுதிய எதையும் சென்றியால் கொண்டுவரவேண்டாம் என்று அதிபர் சிவபாதசுந்தரம் போன கிழமைதான் கேட்டுக்கொண்டார்.

"போர்டில எழுதிப் படிப்பியுங்கோவன் டீச்சர்."

"போர்டில எழுதினா, நான் எழுதி முடிக்கமுதலே பிள்ளையள் எழுத்துக் கூட்டத் தொடங்கிடுவினம் சேர்" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் கொண்டுவந்தாள். இன்றுதான் பிடிபட்டாள்.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று சிப்பாய் கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் பொருள் சொன்னாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். எனக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் என்னவும் சொல்லலாம், பொலிஸ் ஸ்டேஷனில் பார்ப்போம் என்றான். உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாராலும் சொல்லமுடியாத காலம். பயந்துவிட்டோமே என்பதில் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகியது.

"நான் பொய் சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளைகள் சொல்வார்களா? அதோ வருகிறார்கள், நீங்களே காட்டிக் கேளுங்கள்" என்றாள் சிங்களத்தில்.

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். முதலில் ஜவாஹிறா வந்தாள். அட்டை முழுதாகத் திரும்பமுன்பே "எங்கே" என்றாள். அட்டைக்கட்டைக் கலைத்து அடுத்த பிள்ளையிடம் காட்டினான். அதே அட்டை, அதே சொல். நாலு பிள்ளைகள், ஒரு பிழை இல்லை. கடைசிப் பிள்ளையை அவனே தெரிந்தெடுத்தான். தாயின் சேலைக்குப் பின்னால் நின்ற தர்மினியை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு மாதம். வகுப்பில் இதுவரை ஒரு சொல் பேசாதவள்.

"அவள் கதைக்கமாட்டாள் டீச்சர். விடச் சொல்லுங்கோ" என்றாள் தாய் பாலேஸ்வரி. முகத்தில் ஈயாடவில்லை. சிப்பாய் அந்த முகத்தைக் கவனித்துவிட்டான்.

வேறு பிள்ளையைக் கேள் என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சந்தேகம் கூடும். அதைவிட, நாலு மாதமாக அந்த முகத்துக்கு நேரே அட்டை பிடித்தவளுக்கு, உள்ளே சொற்கள் சேர்ந்துகொண்டிருப்பது தெரியும். "வாசிப்பாள்" என்றாள். பிறகு வகுப்பில் செய்வதுபோலவே வாயை இறுக மூடிக்கொண்டாள். டீச்சர் முந்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பது அவள் வகுப்பில் கிடையாது.

அட்டை திரும்பியது. தர்மினி அதைப் பார்த்தாள், சிப்பாயின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"நான்."

அவன் நம்பாமல் இன்னொருமுறை காட்டினான். செவிடனுக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னாள். "நான்."

சிப்பாய் அட்டைக்கட்டை நீட்டினான். டீச்சர் அங்கேயே நின்று எண்ணினாள். பதினேழு. மற்றது அவனுடைய பதிவுக் கொப்பிக்கு அடியில் இருந்தது. பெரிய அதிகாரிக்குக் காட்ட ஒன்று இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்றான்.

"ஒரு மட்டைதானே டீச்சர், விட்டிட்டு வாங்கோ" என்று பாலேஸ்வரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது இவள் வாசிச்ச மட்டை."

பள்ளிக்கூட மணி அடித்தது. அதிபர் வாசலில் நின்று வரச்சொல்லிக் கையசைத்தார். பின்னால் வந்து நின்ற ஒரு வான் ஹோர்ன் அடித்தது. டீச்சர் அசையவில்லை, மேசைக்கு மேலே உள்ளங்கையை விரித்து நீட்டினாள். சிப்பாய் அந்தக் கையைப் பார்த்தான். அதற்குக் கொஞ்சம் கீழே, மேசை விளிம்பில், இன்னொரு சின்னக் கையும் விரிந்து நீண்டிருந்தது.