எல்சி உயர்த்திய கடல்

1

1964இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடல் ஓரடி உயர்ந்தது. கப்பல்கள் தடுமாறின, திமிங்கிலங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. காரணம், என் தங்கை எல்சி.

(துறைமுகத்தில் நீர்மட்டம் பார்த்து ஓய்வுபெற்ற யேசுரட்ணம் நான். கொஞ்சம் கூட்டிச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.)

உண்மையில் இந்தப் புளுகு எல்சியுடையது. கர்ப்பப்பையில் கட்டி என்று சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பியவளுக்குச் சில நாளில் சிறுநீர் தானாக ஒழுகத் தொடங்கியது. இரவும் பகலும் நிற்கவில்லை. “அண்ணை, கடல் கூடினா என்னைத்தான் பிடிப்பாங்கள்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்கமுடியாமல்தான் இந்தக் கதை.

2

வேறு தொடக்கம்: மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறினால் எல்சி காற்றுப் பார்த்துத்தான் உட்காருவாள். கச்சான் காற்றுக்கு ஒரு பக்கம், வாடைக்கு மறுபக்கம். தன்னைக் கடந்த காற்று வேறு யாரையும் தொடாத ஓரம். லோஞ்ச் ஓட்டும் பக்கீரே, “தங்கச்சி, இண்டைக்குக் காத்து எப்பிடி?” என்று அவளிடம் கேட்டுத்தான் புறப்படுவார். (சரி, ஒருநாள் கேட்டார்.)

அவள் புருஷன்

[இந்த வசனத்தை விட்டுவிடுகிறேன். அவனும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனான்.]

3

சத்திரசிகிச்சை செய்தவர் டொக்டர் இராஜநாயகம். கொடியவராக எழுதப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், எடுத்தேன். மனிதர் நல்லவர். கசப்பே அதுதான்.

“கர்ப்பப்பை எடுத்த பொம்பிளையளுக்கு இது வாறதுதான். என்ர கத்தி ஒண்டையும் தொடேல்ல” என்றார். மூக்குள்ள ஊர் முழுவதும், கத்திதான் காரணம் என்ற எல்சியை நம்பியது. நம்பாதவர் அவர் ஒருவரே.

கண்டியில் வேறொரு டொக்டர் அவளுடைய சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து விட்டுப் பார்த்தார். ஒழுகியது நீலமாகவில்லை. அப்படியென்றால் ஓட்டை பையில் இல்லை. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில். வெட்டுண்ட குழாயைப் பையோடு திரும்பப் பொருத்தினார். கடல் வடிந்தது.

எல்சி மட்டும் இன்றும் காற்றுப் பார்த்துத்தான் உட்காருகிறாள். “என்ர உடம்பில குறையில்ல எண்டு அந்த மனுசன்ர வாயால வரவேணும், அண்ணை. செத்தாலும் அதுக்குப் பிறகுதான்.”

4

முடிவுகள்:

அ) டொக்டர் அழுகிறார். (அழமாட்டார்.)

ஆ) எல்சி தேத்தண்ணியை அவர் முகத்தில் ஊற்றுகிறாள். (அதற்குள் ஆறிவிடும்.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முடிவு எழுதப்போவதில்லை. கதையில் மருத்துவப் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள் என்று டொக்டரை வீட்டுக்கு அழைத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்சி சன்னலோரக் கதிரையில், காற்று வெளியே போகும் பக்கம். கடைசியாக இதை வாசித்தேன்:

‘இரத்தம் பீறிட்டது. டொக்டருக்குக் கண் தெரியவில்லை. இரத்தக்குழாய் என்று நினைத்து, அதன் கீழே கிடந்த இடப்பக்கச் சிறுநீர்க்குழாயையும் சேர்த்துப் பிடித்து வெட்டினார்.’

(கண்டியில் எந்தப் பக்கத்தைத் திருத்தினார்கள் என்று உங்களுக்கோ டொக்டருக்கோ நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?)

டொக்டர் கையை உயர்த்தினார்.

“எல்லாம் புளுகு, யேசுரட்ணம். இடப்பக்கமில்ல.”

“அப்ப எந்தப் பக்கம், டொக்டர்?” என்றாள் எல்சி.

இதற்குப் பிறகு ஒன்றும் கூட்டவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வலப்பக்கம். நான்தான் வெட்டினனான், பிள்ளை. வயித்தைத் தைக்க முதலே எனக்குத் தெரியும்.”