சீர் வண்டிக்கு அபராதம்

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத முனீஸ்வரனுக்கு, ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டியதற்காக அபராதம் வந்தது. அருப்புக்கோட்டைக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, நின்றுகொண்டே திரும்பிப் போகிறவர். கமிஷன் கடையில் மல்லி மூட்டையையும் உளுந்து மூட்டையையும் தராசில் ஏற்றி எடை சொல்வதுதான் வேலை. தலையில் துண்டு கட்டுவார், அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை.

ஆனால் போனுக்கு வருகிற மெசேஜுக்கு ஆள் யாரென்று தெரியவா போகிறது? அது பாட்டுக்கு இங்கிலீஷில் வந்து விழுந்தது. அன்றைக்குப் பார்த்து, அவர் ஊரிருக்கும் பரளச்சிப் பக்கத்து சம்சாரிகளுக்கெல்லாம் மக்காச்சோளத்துக்குக் கட்டிய இன்சூரன்ஸ் பணம் ஏறுகிறது என்று பேச்சு. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். மழை ஏமாற்றிவிட்டுப் போன வருசம் அது. இன்சூரன்ஸ்காரனாவது ஏமாற்றாமல் இருந்தால் சரி என்று பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரனும் தன் காட்டுக்குக் கட்டியிருந்தார். தன் போனிலும் மணி அடித்ததும் அவருக்குக் கை ஓடவில்லை. மதியச் சோற்றைக்கூடப் பிரிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சகாபுதீனின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார்.

மற்ற நாளாக இருந்தால் ஓடியிருக்க மாட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனை மகளிடம் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். தங்கலட்சுமிதான் வந்த மெசேஜை எல்லாம் படித்து, வேண்டாததை அழித்து, சார்ஜில் போட்டுவைப்பாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

சகாபுதீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெசேஜைப் படித்தார்.

"அண்ணே, இது காப்பீடு இல்ல. டிராபிக் அபராதம். உங்க வண்டிக்கு."

"எனக்கு ஏது பாய் வண்டி?"

"உங்க பேருதான் போட்டிருக்கு. டிஎன் அறுவத்தேழு..." என்று சகாபுதீன் நம்பரை வாசிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே மீதி நம்பரை முனீஸ்வரன் சொல்லிவிட்டார். சொன்ன வாய் சொன்னபடியே திறந்திருந்தது.

அந்த நம்பர் அவருக்கு மறக்குமா? ஒன்பது வருசத்துக்கு முன்னால் மகளுக்குச் சீராகக் கொடுத்த வண்டி அது. கல்யாண மண்டபத்து வாசலில், மாலை போட்டு, ஹெட்லைட்டுக்குச் சந்தனம் வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் பேரில்தான் எழுதச் சொன்னார். அந்த நேரத்தில் அவனுடைய ஆதாரில் ஏதோ விலாசக் கோளாறு. "உங்க பேருலயே எடுங்க மாமா, அப்புறம் மாத்திக்கிரலாம்" என்றான். அப்புறம் எங்கே மாற்றினார்கள்? சீர் கொடுத்த பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள், சீர் வண்டியில் பேர் மாற்ற யாருக்கும் தோன்றாது. முனீஸ்வரனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஜில்லாவைத் தாண்டிப் போகாதவர் பேரில் ஒரு வண்டி ஊரெல்லாம் ஓடுகிறதே.

அந்த வண்டியில் ஏறித்தான் ஜெகதீஸ்வரன் போனான். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரேன் என்று கிளம்பியவன், பத்து நாள் பேசினான். பிறகு போன் அணைந்துவிட்டது. இது மூன்றாவது வருசம். ஸ்டேஷனில் ஆளைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குறி கேட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓடிப்போய்விட்டான் என்றது. முனீஸ்வரன் அப்படிச் சொன்னவர்களோடு சண்டைக்குப் போனார். சொந்தக்காரர்கள் ஆயிரம் சொல்லியும் கேட்காமல், இவன்தான் மாப்பிள்ளை என்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவர் அவர். "என் மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆளு இல்ல. வழியில என்னமோ ஆபத்து" என்பார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார்.

தங்கலட்சுமியும் அதையேதான் சொல்லுவாள். போன வருசம், கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்றிதழ் வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை வரும் என்று யாரோ சொல்ல, அவளைத் திருச்சுழி தாலூகா ஆபீசுக்குக் கூட்டிப்போனார். புருசன் தானாகவே விட்டுவிட்டுப் போனான் என்று அவளும் எழுதித் தர வேண்டும், பெற்றவரும் எழுதித் தர வேண்டும் என்றார் கிளார்க். தங்கலட்சுமி விருட்டென்று எழுந்துவிட்டாள். "அவுக என்னைய விட்டுட்டுப் போகல. எனக்கு இந்தப் பேப்பரு வேணாம். வாங்கப்பா போவோம்" என்றாள். ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவர் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். மனசுக்குள் மட்டும் அப்படி ஒரு நிறைவு. நம்மைப் போல இவளும் நம்புகிறாளே என்று.

"போட்டோ இருக்குண்ணே. பாக்குறீகளா?" என்றார் சகாபுதீன்.

முனீஸ்வரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாராவது திருடன் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையை அடித்துப்போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போன பாவியாக இருக்க வேண்டும். அந்த நிமிசத்தில் அவர் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஒரு மனுசன் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோமே என்று பிற்பாடு நினைத்தபோது அவருக்கே உடம்பு கூசியது.

படம் திறந்தது. திருப்பூரில் ஏதோ ஒரு சிக்னல். வண்டியை ஓட்டுகிறவன் ஜெகதீஸ்வரனேதான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலையில் ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு பெண், கையில் காய்கறிப் பை. முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு வயசில் ஒரு பிள்ளை. மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்லைட்டுக்கு மேலே 'தங்கம்' என்று ஸ்டிக்கர். கல்யாணமான புதிதில் அவனாகவே ஆசையாக ஒட்டியது. அதைச் சுரண்டி எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளை இல்லை என்று மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மாத்திரை தின்று தின்று முகமெல்லாம் கறுத்துப்போனவள் பேரை முன்னால் ஒட்டிக்கொண்டு, அவன் பிள்ளையோடு காய்கறி வாங்கிவிட்டுப் போகிறான்.

சகாபுதீனுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஜெகதீஸ்வரனைக் காணோம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததே அவர்தான். கொஞ்ச நேரம் கீபோர்டைத் துடைத்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். வண்டி உங்க பேருல இருக்கு. எங்கிட்டக் கேக்காமக் கொண்டுபோயிட்டான்னு ஸ்டேஷன்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. நம்பர வச்சு ஆளோட தூக்கிட்டு வந்துருவாக."

"தூக்கிட்டு வந்து?"

"நாலு பேரு முன்னாடி நிப்பாட்டி நியாயம் கேக்கலாம்ல?"

நாலு பேர் முன்னால் தங்கலட்சுமியும்தானே நிற்க வேண்டும்? அந்தப் பெண்ணும் அந்தப் பிள்ளையும் எதிரில் நிற்க, இவள் என்ன கேட்பாள்? அவுக என்னைய விட்டுட்டுப் போகல என்று சொன்ன வாயால் என்ன சொல்லுவாள்? அவன் சட்டையைப் பிடித்து நாலு அறை அறையலாம். அறைந்த பிறகு அந்தப் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கிவிட முடியுமா?

"கட்டலைன்னா என்ன ஆகும் பாய்?"

"கோர்ட்டுக்குப் போகும். வீட்டுக்குச் சம்மன் வரும்."

"வீட்டுக்கா?"

"ஆர்சி புக்குல இருக்குற விலாசத்துக்குத்தானண்ணே அனுப்புவாக."

பகலில் வீட்டில் இருப்பவள் தங்கலட்சுமி. தையல் மெஷினுக்கு முன்னால், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தபால்காரர் அவள் கையில்தான் கொடுப்பார்.

"கட்டிருங்க" என்றார் முனீஸ்வரன்.

ஹெல்மெட்டுக்கு ஒன்று, மூன்று பேர் போனதற்கு ஒன்று என்று சேர்த்துப் போட்டிருந்தார்கள். பருத்திக்கு மருந்து வாங்க வைத்திருந்த ரூபாயை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கணக்குப் பார்க்கவில்லை. மூட்டைக்கு மூட்டை கிராம் பிசகாமல் எடை சொல்லும் மனுசன், மீதிச் சில்லறையைக் கூட எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். ரசீது வந்தது. குற்றம் இன்னது, வண்டி இன்னது, உரிமையாளர் முனீஸ்வரன். சட்டப்படி பார்த்தால் அந்தச் சிக்னலில் சிரித்துக்கொண்டு போனது அவர்தான்.

"போன்ல அந்த மெசேஜ அழிச்சுருங்க பாய். இது நம்மளோட இருக்கட்டும்."

"அல்லா சத்தியமா என் வாயில வராதுண்ணே" என்றார் சகாபுதீன். கமிஷனை வாங்கிக்கொள்ளவில்லை.

ரசீதை நாலாகக் கிழித்து பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையில் போட்டார். சாயங்கால பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே காய்ந்த கரிசல் மண்ணும் வேலிக்கருவை முள்ளும்தான். எதிரே பைக் வரும்போதெல்லாம் ஹெட்லைட்டுக்கு மேலே பார்த்தார். இனிமேல் சாகும்வரைக்கும் அவர் மகளிடம் பொய் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு என்னமோ ஆபத்து என்று பழையபடியே, அதே குரலில் சொல்ல வேண்டும். நம்பிக்கொண்டு சொன்னபோது ஒரு பாரமும் தெரியவில்லை. இனி எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். அந்தப் பழைய குரல் வரவில்லை.

வீட்டில் தங்கலட்சுமி யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து தட்டு வைத்தாள். சோறு, ரசம், சுட்ட அப்பளம்.

"ஏம்ப்பா ஒரு மாதிரியா இருக்கீக? காப்பீடு ஏறலையா?"

"இன்னும் ஏறல."

"மெசேஜ் ஏதும் வந்துச்சா? போனக் குடுங்க."

தாராளமாகக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது, அதைத்தான் அழித்தாயிற்றே. ஒரு வாய் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். மெசேஜை அழித்தவருக்கு, பணம் கட்டி முடித்ததற்கும் ஒரு மெசேஜ் வரும் என்று தெரியாது. அது அவர் பஸ்ஸில் வரும்போது வந்து சேர்ந்திருந்தது.

தங்கலட்சுமி அதைப் படித்தாள். நின்றபடியே இரண்டாவது தடவையும் படித்தாள்.

"அபராதம் கட்டிட்டீகளாப்பா?"

"அது... பாயி சொன்னாரு, ஏதோ தப்பா வந்துருக்குன்னு. வேற யாரோட நம்பரோ..."

"போட்டோ பாத்தீகளா?"

"போட்டோவெல்லாம் ஒண்ணும் இல்லத்தா."

தங்கலட்சுமி போனைச் சார்ஜில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ள வளந்துருச்சாப்பா?"

முனீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசமும் இப்படி அபராதம் வந்தப்ப, போட்டோவுல அவ மடியில கைப்பிள்ளையா இருந்துச்சு. துணி சுத்தி வச்சிருந்தா. மொகம் தெரியல."

தையல் கூலியில் சேர்த்து, திருச்சுழியில் ஒரு கடையில் போய் அவளே கட்டியிருக்கிறாள். கட்டிவிட்டு மெசேஜை அழித்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவர் அவளைத் தாலூகா ஆபீசுக்குக் கூட்டிப்போனார். ஒரு வருசமாக, ஊராரோடு சண்டை போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை புகழ் பாடும்போதெல்லாம், இவள் தெரிந்தே ஆமா ஆமா என்று சோறு போட்டிருக்கிறாள்.

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?" அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "அந்தப் பேப்பரயாச்சும் வாங்கியிருக்கலாம்ல?"

"அதுல நீங்களும் எழுதிக் குடுக்கணும்னு சொன்னாகளேப்பா. மாப்பிள்ள விட்டுட்டுப் போயிட்டான்னு உங்க கையால எழுதச் சொல்றதா? தேடித் தேடிக் கொண்டாந்தது நீங்கதான. தாங்குவீகளா?"

அழுகையை அடக்கத் தெரியாமல் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தங்கலட்சுமி அழவில்லை. அவளுடைய அழுகை எல்லாம் போன வருசத்தோடு முடிந்திருந்தது. சொம்பில் தண்ணீர் மோந்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போக வேணாம். திருச்சுழி போவோம்" என்றாள். "அந்தப் பேப்பருக்கு நீங்க கையெழுத்துப் போடணும்."

"சரித்தா" என்றார் முனீஸ்வரன்.

"வண்டிக்கும் ஏதாச்சும் எழுதிக் குடுக்கணுமான்னு கேப்போம். அந்தாளு இன்னமும் ஹெல்மெட் போடப்போறதில்ல."