பாண்டவர் வீடு என்ற பெயர்

என் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்குப் பாதி நாள் அதைக் கட்டிப்போட்டதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

முப்பத்தெட்டாம் வருஷம். மயிலத்துக்குக் கிழக்கே, பண்ணைக்காரர் சுப்பராயலு வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் வட்டமாய்ப் பாறைகள் நிற்கும். பாண்டவர் வீடு என்று பெயர். வனவாசத்தில் ஐந்து பேரும் அங்கே குடியிருந்தார்களாம். அதில் மண்வெட்டி வைத்தால் குடும்பம் விளங்காதாம். ஊரே அப்படி நடுங்கியதால்தான் செத்துப்போன என் மகளை அங்கே வைத்தோம். ஐப்பசி மழையில் எங்கள் சேரிச் சுடுகாடு ஏரித் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. பல்கூட முளைக்காத பிள்ளை. நானும் என் புருஷன் தாண்டவராயனும் ஒருவருக்கும் சொல்லாமல் மேற்குப் பாறையடியில் புதைத்தோம். இந்தப் பெயர் இருக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். என்ன புத்தி என் புத்தி!

ஐந்து மாதம் கழித்து, பங்குனியில் பட்டணத்திலிருந்து ஒரு துரை வந்தார். பாண்டவர் பெயர் சொல்லும் இடமெல்லாம் பழைய காலத்துச் சமாதி, தோண்டினால் பானையும் இரும்பும் கிடைக்கும் என்று தேடி வருகிறவராம். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்தார். ஊர்க்காரன் எவனும் மண்வெட்டி எடுக்கவில்லை. சாபம் எங்கள் தலையில் விழட்டும் என்று பண்ணைக்காரர் சேரியிலிருந்து ஆள் பிடித்தார். தாண்டவராயன் வெட்ட, நான் கூடை சுமந்தேன். உண்மையைச் சொன்னால் குடிசையைப் பிடுங்கிவிடுவார்கள்.

உச்சிவேளைக்குள் கிழக்குப் பக்கம் முடிந்தது. துரை மேற்குப் பாறையைக் காட்டினார். தாண்டவராயன் மண்வெட்டியை ஓங்கினான், கை இறங்கவில்லை. நான் கூடையை வீசிவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இது பாண்டவர் வூடு இல்லீங்க சாமி. எம் பொண்ணு இங்க தூங்கிக்கினு இருக்குது."

துரையோடு வந்த குமாஸ்தா பாண்டுரங்கன் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், அந்த மூலையை விட்டுவிடச் சொன்னார். பண்ணைக்காரர்தான் குதித்தார். சேரிப் பிணம் என் நிலத்திலா, இப்போதே எடு என்றார்.

மண்வெட்டி வேண்டாம் என்றேன். கையாலேயே தோண்டி, சுற்றிவைத்த புடவைத் துணியோடு அவளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுடுகாட்டில் தண்ணீர் வற்றியிருந்தது, அங்கே கொண்டுபோக எழுந்தேன். தாண்டவராயனும் கூட வரக் கிளம்பினான். வேலை முடியாமல் நகரக்கூடாது என்று பண்ணைக்காரர் தடுத்துவிட்டார்.

இடம்தான் காலியாகிவிட்டதே, இனி வெட்டலாமே என்று துரை கேட்டாராம். நான் பிள்ளையோடு கொல்லையைத் தாண்டும்போது, அவள் கிடந்த இடத்தில் அவளைப் பெற்றவன் மண்வெட்டி போடும் சத்தம் கேட்டது.