அலமாரிக்கு அந்தப் பக்கம்

அலமாரிகள் ஏழா எட்டா என்பது இப்போது சரியாக நினைவில்லை. பச்சை நிறம் என்று சொன்னால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். அந்த ஆண்டு கல்லூரியில் இடம் கேட்டு ஊரே திரண்டு வந்து நின்றது மட்டும் நிச்சயம். இல்லை என்று சொல்ல வாய் வராத முதல்வர், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். வேதியியல் கூடத்தின் நடுவே அலமாரிகளை நிறுத்தி, ஒரு வகுப்பை இரண்டாக்கினார்கள். இந்தப் பக்கம் பழைய ஆசிரியர். அந்தப் பக்கத்துக்கு அவசரமாக ஆள் வேண்டும் என்றபோது, தன் மனைவியின் தம்பியை அந்த ஆசிரியரே கூட்டிவந்து விட்டார்.

இரண்டு குரல்களும் மோதிக்கொண்டதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கரும்பலகையில் எழுதுவார். பேசி முடித்தவர் அலமாரியைத் தட்டினால் முறை மாறும்.

வினை அங்கேதான் முளைத்தது. அவர் எழுதத் திரும்பியதும் மச்சினனின் குரல் எழும்பும். அங்கே சிரிப்பார்கள். சற்றுப் பொறுத்து, அவருடைய பிள்ளைகளும் சிரிப்பார்கள். இத்தனை வருடத்தில் அவர் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. தன் வகுப்பு தன்னைத்தான் கேட்க வேண்டும்; அவர் கேட்டது அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் எழுந்த அந்தச் சிரிப்பில் அவருக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் மனைவி வேறு.

“தம்பி நல்லா நடத்துறானாமே. பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு.”

“நல்லா சிரிக்க வைக்கிறான்.”

“நீங்களும் வைங்களேன், யாரு வேண்டாம்னா?”



மறுநாள் அவர் அலமாரியைத் தட்டவில்லை. பேசிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் சாக்பீஸ் உரசும் ஓசை மட்டும் கேட்டது. எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக. மணி அடித்ததும் மச்சினன் எட்டிப் பார்த்தான்.

“என்ன அத்தான், தட்ட மறந்துட்டீங்களா?”

“பாடம் முடியல மாப்ள.”

“பரவால்ல. நாளையிலேர்ந்து நாங்க சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிடுறோம். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது.”

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து கூடம் முழுக்க அவர் குரல்தான். ஆனால் அவர் எழுதத் திரும்பும்போதெல்லாம் பின்னால் பெஞ்சுகள் மெல்ல முனகின. ஒவ்வொருவராக எழுந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பலகை நிறைந்த பிறகும், அழித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் தேறி ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். மச்சினன் துறைத் தலைவரானான். அக்காவும் தம்பியும் இன்றும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். அவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். மச்சினன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.