ஏழாவது துடைப்பம்

டிராகன் அரசரின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து வெயிலில் உட்கார வைத்தும் பார்த்தாகிவிட்டது. மழைக்கு அதிபதி என்றால் அவருக்கும் கொஞ்சம் சுடட்டும் என்று ஊரே அவரை வைதது. நீலத் தாடியில் சாயம் வெடித்ததே தவிர, வானம் அசைந்து கொடுக்கவில்லை. தினைப் பயிர் கருகியது. கிணற்றில் வாளியை இறக்கினால் சேறுதான் வந்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி. வறண்ட டிராகன் குளத்தில் ஏழு விதவைகள் இறங்கிப் பெருக்கி, வாய்விட்டு அழவேண்டும். நாதியற்றவர்களின் அழுகையை அரசரால் தாங்க முடியாதாம். கல்யாண வீட்டு வாசலில் நிற்கவிடாத பெண்களைத் தொண்டை காய்ந்ததும் தேடிப் போகிற ஊர் இது. ஆனால் ஏழு பேரும் நிஜமான விதவைகளாக இருக்கவேண்டும். ஒருத்தி பொய்யென்றாலும் சொட்டு விழாது.

போன குளிர்காலத்தில் ஒருத்தி செத்துப்போனதில் ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அவர்களில் மூத்தவளான பான் அத்தை, சாவ்யுன்னின் வீட்டுக்கு வந்தாள்.

சாவ்யுன்னின் கணவன் தேஷான் கல்யாணமான மறுவருஷமே ஒட்டகக்காரர்களோடு மேற்கே உப்பு ஏரிக்குப் போனவன். இப்போது அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆளும் வரவில்லை, செத்தான் என்ற சேதியும் வரவில்லை. வேளாவேளைக்கு இரண்டு கிண்ணம் வைத்து, ஒன்றில் சாப்பிட்டு, இரண்டையும் கழுவி வைப்பாள்.

"ஒரு ஆளு குறையுதுடி" என்றாள் அத்தை.

"எம் புருஷன் உசுரோட இருக்காரு, அத்தை."

"யாரு சொன்னா?"

"செத்துட்டாருன்னு யாரு சொன்னா?"

அத்தை அந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தாள். "எங்கயோ ஒருத்தி அவனுக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டிருப்பா. இல்லன்னா மணலுக்குள்ள கெடப்பான். ரெண்டுல எது ஒனக்குப் பரவால்ல?"

பக்கத்து வீட்டுக் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்தே அழுகை. இப்போது குரல் தேய்ந்துவிட்டது.

"நான் வந்தும் பெய்யலன்னா?"

"அவன் உசுரோட இருக்கான்னு அர்த்தம். நானே வந்து ஒங்கிட்ட மன்னிப்பு கேக்குறேன்."

"பெஞ்சா?"

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பெஞ்சா எல்லாரும் பொழைச்சோம்."

மறுநாள் ஆண்கள் யாரும் குளத்துப் பக்கம் வரவில்லை. ஏழு சோளத்தட்டைத் துடைப்பங்கள் வெடித்த களிமண்ணில் சரசரத்தன. "ராசா, எங்களுக்குப் புருஷன் இல்ல, நீயும் இல்லன்னா எங்க போவோம்" என்று ஆறு பேர் அழுதார்கள்.

சாவ்யுன்னுக்கு அழுகை வரவில்லை. உயிரோடிருப்பவனுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? பெய்யக்கூடாது என்று வேண்ட அவளுக்கு மனம் வரவில்லை, அந்தக் குழந்தையின் குரல் காதிலேயே நின்றது. பெய்யவேண்டும் என்று வேண்டவும் வாய் வரவில்லை. இந்தப் பாரத்தை யாரிடம் சொல்வது? அந்த ஆறு பேருக்காவது அழுவதற்கு ஒருவருக்கொருவர் துணை இருந்தது. அவள் பாட்டுக்குப் பெருக்கினாள்.

"அழுடி. கல்லு மாதிரி நிக்கிறியே" என்றாள் அத்தை.

"வரல, அத்தை."

குளத்தில் பாதி பெருக்குவதற்குள் மேற்கே கறுத்தது. தேஷான் போன திசை அது. முதல் துளி சாவ்யுன்னின் மணிக்கட்டில் விழுந்தது. அவள் அதை வேகமாகத் துடைத்தாள். இன்னொன்று விழுந்தது. பிறகு துடைத்து மாளவில்லை.

ஊர் குடமும் சட்டியுமாக வெளியே ஓடிவந்தது. சாவ்யுன் குளத்துச் சேற்றில் உட்கார்ந்து, தேஷான் பெயரைச் சொல்லி அலறி அழுதாள்.

"அழச் சொன்னப்ப அழல, இப்ப சந்தோஷத்துல அழுகைய பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து, சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவ்யுன் இரண்டு கிண்ணங்களையும் முற்றத்தில் வைத்தாள். இரண்டும் நிறைந்தன. ஒன்றை அவள் குடித்தாள். மற்றதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கிண்ணத்தை அவள் திரும்பக் கேட்கவேயில்லை.