அடித்தண்ணீரின் உப்பு

குளோரியாவை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் ஒரு தொப்பி. இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். பதினோரு ஆண்டுகளாக மாதம் இருமுறை கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய் வருகிறேன். ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, அதை நம்பி அலையாத்திக் காட்டில் எத்தனை நண்டும் நத்தையும் பிழைக்கின்றன என்று அளப்பதுதான் என் வேலை. சம்பான் என்கிற சின்னப் படகை ஓட்டும் வேலாயுதம் அண்ணன் இத்தனை ஆண்டிலும் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார். குளோரியா மூன்றாவது பயணத்திலேயே அவருக்குத் "தங்கச்சி" ஆகிவிட்டாள். வெயில் உறைக்கிறது என்று தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். என் தலையிலும் அதே வெயில்தான் அடித்தது.

அவள் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, முப்பத்தொரு வயதில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆடும் சம்பானில் அலுங்காமல் குதித்து ஏறுவாள். நான் நகரத்து நடுவில், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். இன்றைக்கும் முதல் அரை மணி நேரம் எனக்கு வாந்திதான். நான் குனிந்து கிடக்கும்போது அவள் முதுகைத் தடவிவிடுவாள்.

"அக்கா, புளிப்பு மிட்டாய் ஒண்ணு வாயில போடுங்க லா. கொஞ்சம் தெளியும்."

தெளியும்தான். அதுதான் எரிச்சல். அவள் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அந்த ஆண்டு மூன்றாண்டு ஆய்வு ஒன்றுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தோம். முகத்துவாரம் முழுவதையும் கரை முதல் கரை வரை அளக்கிற பெரிய வேலை. எங்கள் பேராசிரியர் சிவநேசன் ஓய்வு பெறப்போவதால் களத்தில் தலைமை ஏற்க வேறொருவர் தேவைப்பட்டார். "யாருன்னு தேர்வுக் குழு வர்ற அன்னைக்கு எழுதிக் காட்டுவோம். அப்பத் தெரிஞ்சுக்குங்க" என்று அவர் சிரித்தார். அந்தப் பொறுப்புக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் பயனில்லை. வெளிநாட்டு டாக்டரை விட்டுவிட்டு, பட்டம் முடிக்காத என்னையா எழுதிக் கொடுக்கப் போகிறார்?

இந்த நேரத்தில்தான் குளோரியாவின் வரைபடம் வந்தது. ஆற்றின் அடியில் ஆறு வாரம் ஒரு கருவியை இறக்கி வைத்திருந்தோம். கடல்நீர் கனமானது. அது அடிவழியாக உள்ளே நுழையும், ஆற்றுநீர் அதன் மேலேறி வெளியே போகும். கருவியை எடுத்துப் பார்த்தபோது, அடித்தண்ணீரில் உப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்திருந்தது. கடல்நீர் முன்போல உள்ளே வரவில்லை, முகத்துவாரத்தின் சுழற்சியே மாறுகிறது என்றாள் குளோரியா. பேராசிரியர் வரைபடத்தில் இறங்கிக்கொண்டே போன அந்தக் கோட்டைப் பெரிதாக அச்சடித்து நடைவழிச் சுவரில் ஒட்டினார். என் கோடு எதுவும் பதினோரு ஆண்டில் சுவர் ஏறியதில்லை. தினமும் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கோடு பொய். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கருவியைப் படகுத்துறையில் வைத்துக் கழுவியது நான். படகின் அடியில் சிப்பி மாதிரி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்ளுமே, இங்கே தெரிதிப் என்பார்கள், அது உப்பை அளக்கும் குழாய்க்குள் கொத்துக் கொத்தாக வளர்ந்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் கருவி உப்பைக் குறைத்துத்தான் காட்டும். அடைப்பு வளர வளர உப்பும் குறைந்துகொண்டே போகும். குளோரியா படித்த குளிர்நாட்டில் ஆறு வாரத்தில் இப்படி வளராது. நம் ஊர்த் தண்ணீருக்கு மூன்று வாரமே அதிகம். நான் வழக்கம்போல் பழைய டூத்பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டேன். அவளோ வேலாயுதம் அண்ணனோடு சிரித்துக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

என்னிடம் சாட்சியும் இருந்தது. போகும்போதெல்லாம் கருவிக்குப் பக்கத்திலேயே அடித்தண்ணீரைப் புட்டியில் பிடித்து வந்து ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்ப்பது என் பழக்கம். யாரும் கேட்காத பழக்கம். அந்த ஆறு வாரத்தில் பிடித்த நான்கு புட்டியிலும் உப்பு துளிகூடக் குறையவில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை. அப்புறம் அந்தக் கோடு சுவரேறியதால் சொல்லவில்லை. கடைசியில், சொல்லாமல் இருப்பதே எனக்கு ருசியாகிவிட்டது.

தேர்வுக் குழு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை குளோரியா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இந்தக் கோட்ட ஒரு தடவ பாத்துடுங்க. இந்த ஆறு உங்களுக்குத் தெரியுற மாதிரி எனக்குத் தெரியாது. எங்கயாச்சும் தப்பு இருக்கா?"

பார்த்தேன். பார்ப்பது போல நேரம் எடுத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஷுவரா அக்கா?"

"ஷுவர் லா."

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். குழுவின் தலைவர் கண்ணாடி அணிந்த மலாய் அம்மையார். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன், யாரும் என்னை அறிமுகப்படுத்தவில்லை. குளோரியா நன்றாகப் பேசினாள். திரையில் அந்தக் கோடு வந்ததும் அம்மையார் முன்னால் சாய்ந்து குறிப்பு எடுத்தார். நான் எழுந்தேன்.

"நானும் இதே குழுவில்தான் வேலை செய்கிறேன். ஒரு சந்தேகம்" என்று தொடங்கி, புட்டிகளின் எண்கள் அடங்கிய தாளை மேசையில் வைத்தேன். தெரிதிப் விஷயத்தையும் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, அப்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குளோரியாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைக் கண்குளிரப் பார்த்தேன்.

அவள் தாளை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

"இவர் சொல்வது சரி. என் கோடு தவறு" என்று குழுவிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் தமிழில், "செவ்வாக்கிழமை கேட்டேனே அக்கா" என்றாள்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த எண்கள் எப்போதிலிருந்து உங்களிடம் இருக்கின்றன?"

"மூன்று வாரமாக."

பேராசிரியர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோட்டை நம்பித்தான் விண்ணப்பமே எழுதப்பட்டிருக்கிறது. இதை ஏற்க முடியாது" என்றார் அம்மையார். "இருந்தாலும் மிச்சப் பக்கங்களையும் காட்டுங்கள். முழுவதையும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை."

"இன்னும் ஒரு பக்கம்தான். வேண்டாம்" என்றாள் குளோரியா.

"போடும்மா" என்றார் பேராசிரியர். "நீ எழுதினதுதானே."

அவள் பொத்தானை அழுத்தினாள். களத் தலைமை: மாதவி. அதன் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. 'பதினோரு ஆண்டுகளில் இவர் கொடுத்த எதையும் நாங்கள் சந்தேகப்பட வேண்டி வந்ததில்லை.'

அம்மையார் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, "யார் இந்த மாதவி?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.