தரைக்கோட்டுக்குக் கீழே ஒரு பூ

"இதுல தேறலைன்னா சாயங்கால வகுப்புக்கு ஒரு கும்பிடு போட்டுடு. வீட்டோட உக்காந்து குழாய்ப் படம் போடு" என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். அவன் பிளம்பர். மண்ணுக்கடியில் போகும் குழாய்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது தங்கையின் வேலை.

அந்தச் சாயங்கால உயிரியல் வகுப்பின் தேர்வே ஒரு தினுசு. செடிக்கு ஒன்று, பிராணிக்கு ஒன்று என்று வைத்த இரண்டு டப்பாக்களிலிருந்தும் ஆளுக்கு ஒவ்வொரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த இரண்டையும் கரும்பலகையில் வரைந்து ஒப்பிட வேண்டும். அவளுக்கு வந்தவை காட்டுப்பூவும் வளை எலியும்.

"ஜோடிப் பொருத்தம் அமோகம்!" என்றார் பின் பெஞ்சு வங்கி குமாஸ்தா. எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவருக்குக் கேள்விக்குறி என்று பெயர்.

பழக்கதோஷம், அவள் பலகையின் மேல்விளிம்பை ஒட்டித் தரைக்கோட்டை இழுத்துவிட்டாள். குழாய்ப் படத்தில் தரைக்கு மேலே என்ன வேலை? எலியின் வளை, தீனி அறை, பின்வாசல், பிறகு செடியின் கிழங்கு, வேர் என்று வரிசையாக முடித்து நிமிர்ந்தால், பூவுக்கு இடமே இல்லை!

"பூ எங்கம்மா? எலி தின்னுடுச்சா?" என்றார் கேள்விக்குறி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அழிப்பதற்காகத் துணியை எடுத்தவள், வரைந்ததை இன்னொரு தரம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"பூ கொஞ்ச நாள் விருந்தாளி சார். மத்த நாளெல்லாம் செடியும் எலி மாதிரி மண்ணுக்குள்ளதான் குடித்தனம் நடத்துது. எலி தனியா அறை தோண்டித் தீனி சேர்க்குது. இது தன் உடம்பையே அறையாக்கிடுச்சு."

கேள்விக்குறி விடவில்லை. "ஆபத்து வந்தா எலி பின்வாசல் வழியா ஓடிடும். செடி?"

"எதுக்கு ஓடணும்? மேல பூவைப் பறிச்சாலும் கீழ கிழங்கு பத்திரம். பக்கத்துலயே குட்டிக் கிழங்கும் விட்டிருக்கு, பாருங்க. எலி வீட்டை விட்டு ஓடும். இது பக்கத்துல இன்னொரு வீடு கட்டும்!"

சொன்ன வேகத்தில் நாற்காலி மேல் ஏறி, பலகைக்கு மேலே சுவரிலேயே பூவை வரைந்தாள்.

"சுவர் என்னோடது இல்ல," என்றார் ஆசிரியை. "மார்க் என்னோடது. தேறிட்ட, இறங்கு!"

முதலில் கைதட்டியவர் கேள்விக்குறிதான்.

வாசலில் வண்டியோடு நின்ற அண்ணன், "என்ன, ஊத்திக்கிச்சா?" என்றான்.

"குழாய்ப் படத்துக்கு வேற ஆளைப் பாருண்ணே," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "சாயங்காலத்துல நான் ரொம்ப பிசி."